விருந்தா, வேடிக்கையா?

நடுவர் அவர்களே, சேலத்து மக்களே, வணக்கம். 'வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை நாம் விருந்தாளியாக நடத்துகிறோமா, வேடிக்கைப் பொருளாக நடத்துகிறோமா?' என்பது தலைப்பு. வேடிக்கைப் பொருளாகத்தான் என்று பேச வந்திருக்கிறேன். சொல்லவே சங்கடமாக இருக்கிறது, நானும் இந்த ஊர்க்காரிதான்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "வழிப்போக்கனுக்காகத் திண்ணை வைத்து வீடு கட்டியவர்கள் நாம்" என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி தம்பி, அந்தத் திண்ணையில் என்ன நடந்தது? ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். பசித்தால் சோறு போட்டார்கள். அப்புறம் நிம்மதியாகத் தூங்க விட்டார்கள். எழுப்பி உட்கார வைத்துத் தெருவே சுற்றி நின்று பார்க்கவில்லை.

ஏற்காடு கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்திருந்தார்கள். அந்த அம்மா கையில் காகிதத்தில் வைத்த மிளகாய் பஜ்ஜி, ஒரு கடிதான் கடித்திருந்தார். "ஒன் செல்ஃபி" என்று ஒரு பையன் ஆரம்பித்தான். அவன் போனதும் ஒரு குடும்பம், அது நகர்ந்ததும் இன்னொரு குடும்பம். ஒருவர் கேட்காமலேயே தன் கைக்குழந்தையை அவர் இடுப்பில் வைத்துவிட்டார். குழந்தை வீறிட்டு அழுகிறது, அந்த அம்மாவுக்கு எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை, அப்பாக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பிடிக்கிறார். கால் மணி நேரம் பார்த்தேன். பஜ்ஜி ஆறி, எண்ணெய் காகிதமெல்லாம் ஊறிவிட்டது. இரண்டாவது கடி கடிக்கவே முடியவில்லை. இலையில் கை வைத்த விருந்தாளியை இப்படி எழுப்புவோமா?

ஜப்பானில், கியோட்டோ நகரத்து கியோன் பகுதியில் இதே தொல்லை தலைகீழாக நடந்தது. அங்கே தெருவில் போகும் கெய்ஷாக்களை, அதாவது பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்களான பெண்களை, பயணிகள் விரட்டி விரட்டிப் படம் எடுத்தார்கள். பொறுத்துப் பார்த்த ஊர்க்காரர்கள் 2024-இல் தங்கள் சொந்தச் சந்துகளைப் பயணிகளுக்கு மூடினார்கள். மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகையும் வைத்தார்கள். அவர்களுக்கு மூட ஒரு சந்து இருந்தது. பூங்காவில் நின்ற அந்த அம்மா எதை மூடுவார்?

மாமல்லபுரத்தில் நுழைவுக் கட்டணம் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அது எழுதிப் போட்டு வாங்குவது, விடுங்கள். மலையில் மிளகுப் பொட்டலத்துக்கு முகத்தைப் பார்த்து விலை சொல்கிறோமே!

"எல்லாம் அன்பினால் வரும் கூட்டம்" என்று எதிரணி சொல்லும். அதே விழா முடிந்து சேலத்துக்குப் பேருந்து ஏறினேன். நல்ல கூட்டம். ஜன்னலோரம் ஆப்பிரிக்க இளைஞர் ஒருவர். பக்கத்து சீட் காலி. 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் ஆள்மேல் ஆள் சாய்கிறார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கினார்களே தவிர, ஒருவரும் அங்கே உட்காரவில்லை. நான் நெருங்கிப் போனதும் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "உட்காருங்க அக்கா" என்றார். தமிழில்! மூன்று வருஷமாகச் சேலத்தில் படிக்கிறாராம். டூ-லெட் பலகை தொங்கும் வீடாகப் பார்த்துத்தான் போவாராம். இவர் முகத்தைக் கண்டதும், "ஆள் வந்துட்டாங்க" என்பார்களாம். மறுநாளும் பலகை அங்கேயே தொங்குமாம்.

அந்த அம்மாவும் வெளிநாடு, இந்தத் தம்பியும் வெளிநாடு. எதிரணி சொல்லும் அன்பு அந்தப் பேருந்தில் எங்கே இருந்தது, நடுவர் அவர்களே?