டாமியின் உள்ளே பாடும் குரல்

நண்பர்களே, வணக்கம்.

கண் தெரியாது, காது கேட்காது, வாய் பேசாது. அப்படி ஒரு பையனைக் கதாநாயகனாக வைத்து யாராவது பாட்டு நாடகம் எழுதுவார்களா? இங்கிலாந்தின் தி ஹூ என்ற ராக் இசைக்குழுவில் கிதார் வாசித்த பீட் டவுன்ஷெண்ட் எழுதினார். 1969 மே மாதம் இரட்டை இசைத்தட்டாக வந்த ‘டாமி’ அதுதான். ராக் ஓபரா என்ற பெயர் பலர் காதில் முதலில் விழுந்ததே இதனால்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரில் காணாமல்போன கேப்டன் வாக்கர், இறந்துவிட்டார் என்று எல்லாரும் நம்பிய பிறகு வீடு திரும்புகிறார். மனைவியோடு வேறொருவன் இருக்கிறான்; அவன் கொல்லப்படுகிறான். சிறுவன் டாமி அதைக் கண்ணாடியில் பார்த்துவிடுகிறான். ‘நீ எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, யாரிடமும் சொல்லக் கூடாது’ என்கிறார்கள் பெற்றோர். பையன் அதை அப்படியே நிறைவேற்றிவிடுகிறான்.

இனி அவனை எப்படிப் பாட வைப்பது? அங்கேதான் திரும்பத் திரும்ப வரும் மெட்டுக்கு வேலை வருகிறது.

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு ‘கிறிஸ்துமஸ்’. பண்டிகைக் காலைக்கு உரிய ஆரவாரத்தோடு தாளம் ஓடுகிறது. பிரார்த்தனை என்றால் என்னவென்றே தெரியாத மகனை நினைத்துத் தந்தை கவலைப்படுகிறார். ‘டாமி, கேட்கிறதா?’ என்று கேட்கிறார்கள், மறுபடி மறுபடி. சட்டென்று ஆரவாரம் அடங்குகிறது. ஒரு மெல்லிய குரல்: என்னைப் பார், உணர், தொடு, குணமாக்கு. அவ்வளவுதான். நாடகத்துக்குள் இருக்கிற யாருக்கும் அது கேட்கவில்லை. நமக்கு மட்டும் கேட்கிறது. பிறகு பழைய ஆரவாரம், எதுவும் நடக்காததுபோல.

நமக்குப் பல்லவி பழக்கம். சரணம் எங்கே சுற்றினாலும் பல்லவிக்கு வந்தால் வீடு வந்து சேர்ந்த நிம்மதி. இந்த மெட்டு திரும்பி வரும்போது அந்த நிம்மதி இல்லை. வீட்டில் இருந்தவர்கள் இடம் மாறியிருக்கிறார்கள்.

மூன்றாம் பக்கத்தில் மருத்துவர் வருகிறார். கண்ணும் காதும் சரியாகத்தான் இருக்கின்றன, தடை உள்ளே இருக்கிறது என்கிறார். மறுபடி அதே ‘என்னைப் பார்’. இந்த முறை அதை ஒட்டி இன்னொரு மெட்டு ஏறி வருகிறது: உன்னைக் கேட்கும்போது இசை கிடைக்கிறது, உன்னைப் பார்க்கும்போது வெம்மை கிடைக்கிறது என்ற பொருளில். யாரைப் பார்த்துப் பாடுகிறான்? கண்ணாடியில் தெரியும் தன்னையே. அந்த இடத்தில் அது ஒரு நோயாளியின் பாட்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

எல்லா மெட்டும் இப்படிக் கதையிலிருந்து முளைத்தவை அல்ல. முதல் பக்கத்து ‘ஸ்பார்க்ஸ்’ என்ற வாத்திய இசையும் இரண்டாம் பக்கத்தை முடிக்கும் ‘அண்டர்ச்சர்’ என்பதும் ஒரே சரக்கு. 1967-இல் இதே குழு ‘ரேல்’ என்ற பாட்டில் பயன்படுத்தியது. பழைய வீட்டு உத்தரத்தை எடுத்துப் புதுவீட்டில் போட்டிருக்கிறார். தப்பில்லை. ஆனால் ‘அண்டர்ச்சர்’ பத்து நிமிடம் நீள்வது, என்னைக் கேட்டால், அதிகம். தொடக்கத்தில் வரும் முன்னிசை அப்படியல்ல. பின்னால் வரப்போகும் மெட்டுகளை முன்கூட்டியே நம் காதில் விதைத்துவிடுகிறது. தயாரிப்பாளர் கிட் லாம்பர்ட்டின் தந்தை கான்ஸ்டன்ட் லாம்பர்ட் மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர். அந்த வீட்டுப் பழக்கம் இங்கே தெரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆல்பத்தில் மிகவும் பிரபலமான ‘பின்பால் விசார்ட்’ கடைசி நேரத்தில் சேர்ந்தது; ஒரு விமர்சகரின் மனத்தைக் குளிர்விக்க எழுதியது. அதன் கிதார் வீச்சைக்கூட நான்காம் பக்கத்தில், குணமான டாமி ‘நான் விடுதலை’ என்று பாடும் இடத்தில் டவுன்ஷெண்ட் ஒரு கணம் நுழைத்துவிட்டார். ஒட்டுப்போட்டது தெரியாமல் தைக்கத் தெரிந்தவர்.

டவுன்ஷெண்ட் மெஹர் பாபாவின் பக்தர். புனேயில் பிறந்த மெஹர் பாபா 1925-இல் தொடங்கிய மௌனத்தை, 1969 ஜனவரியில் மறையும்வரை கலைக்கவில்லை. ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் இருக்கிறது. பேசாத குருவை நேசித்தவருக்குப் பேசாத பையனின் உள்ளே ஒரு பாட்டு கேட்டதில் எனக்கு வியப்பில்லை.

இப்போது முடிவுக்கு வருவோம். கண்ணாடி உடைந்து டாமி குணமாகிறான், குருவாகிறான், கூட்டம் சேர்கிறது. சீடர்களையும் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறான். அவர்கள் கொதித்து எழுந்து போய்விடுகிறார்கள். அப்போது மறுபடி அந்த மெல்லிய குரல், அதே நான்கு வேண்டுகோள். இப்போது அவனுக்குக் கண் உண்டு, காது உண்டு, வாய் உண்டு. எதிரே ஆள் இல்லை. உடனே அந்தக் கண்ணாடிப் பாட்டு எழுகிறது, இந்த முறை பல குரல்களில். நோயாளி தனக்குத் தானே பாடிக்கொண்டது துதிப்பாடலாக மாறிவிட்டது. கூட்டம் அவனைப் பார்த்துப் பாடுகிறதா, அவன் கடவுளைப் பார்த்துப் பாடுகிறானா, இல்லை, கண்ணாடி இன்னும் உடையவே இல்லையா? ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு ஒவ்வொரு பதில் வருகிறது. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் தி ஹூ இதைப் பாடியபோது பொழுது விடிந்துகொண்டிருந்தது. அங்கிருந்தவர்களுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் வந்திருக்காது.

தட்டில் அந்தப் பாட்டு ஓரிடத்தில் வந்து நிற்பதில்லை, ஒலி குறைந்து குறைந்து தேய்கிறது. நான்காம் பக்கத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். விளக்கை அணைத்துவிடுங்கள், ஐயா.