ஹகாட்டா ராமெனை ஏன் வேகமா சாப்பிடணும்?

[காட்சி: ஃபுகுவோகா நகரம். நகஹாமா மீன் சந்தையை ஒட்டிய தெரு. இன்னும் முழுசா விடியவில்லை.]

வணக்கம். ஜப்பான் போறவங்க பெரும்பாலும் டோக்கியோவிலயே ராமென், அதாவது சூடான சூப்புல போட்ட நூடுல்ஸ், சாப்பிட்டுத் திரும்பிடுறாங்க. ராமெனுக்குன்னே ஒரு ஊருக்குப் போகணும்னா, நான் கியூஷூ தீவுல இருக்கிற ஃபுகுவோகாவைத்தான் சொல்வேன். அந்த நகரத்தோட ஒரு பகுதிதான் ஹகாட்டா; அந்த ஊர் பாணி ராமெனுக்கும் அதே பேர். அங்க 'கன்சோ நகஹாமாயா'ன்னு ஒரு கடை. 1950களோட தொடக்கத்துல தெருவோர வண்டிக்கடையா ஆரம்பிச்சது. சாப்பிட ராமென் மட்டும்தான், அதுவும் ஒரே வகை.

மெஷின்ல காசு போட்டு டிக்கெட் எடுத்துக்கிட்டு உள்ள போங்க. நூடுல்ஸ் எந்தப் பதத்துல வேணும்னு உடனே சொல்லிடணும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்துல கிண்ணம் முன்னாடி வந்துடும்.

[காட்சி: மீன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும் தொழிலாளர்கள்.]

இந்த அவசரத்துக்குக் காரணம் மீன் சந்தை. 1955ல சந்தை நகஹாமாவுக்கு வந்தது. ஏலம் விடியறதுக்கு முன்னாடி. வேலைக்கு நடுவுல ஓடி வந்து சாப்பிடறவங்களைக் காக்க வைக்க முடியாது. அதனால நூடுல்ஸை இடியாப்பம் மாதிரி மெல்லிசாக்கினாங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள வெந்துடும்.

ஆனா அதுல ஒரு சிக்கல். ஹகாட்டா நூடுல்ஸ் மாவுல தண்ணி ரொம்பக் கம்மி. காய்ஞ்ச மாவு, சூப்பைச் சட்டுன்னு உறிஞ்சிக்கும். நிறைய போட்டுக் கொடுத்தா பாதி சாப்பிடறதுக்குள்ள குழைஞ்சுடும். அதுக்கு இந்தக் கடை கண்டுபிடிச்ச வழிதான் 'கயெடமா'. முதல்ல அளவா நூடுல்ஸ். அது தீர்ந்ததும், மிச்சமிருக்கிற சூப்புல புதுசா வெந்த நூடுல்ஸ் இன்னொரு பங்கு. இன்னைக்கு ஹகாட்டா பாணிக் கடைகள் பெரும்பாலானதுல இந்தப் பழக்கம் இருக்கு. எனக்கு ராமென்லயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். பசிச்சவனுக்கு வயிறும் நிறையணும், பதமும் கெடக்கூடாதுன்னு ஒருத்தர் யோசிச்சிருக்காங்க பாருங்க!

[காட்சி: பெரிய பானையில் கொதிக்கும் வெள்ளை சூப்.]

சூப்புக்கு வருவோம். இது டோன்கொட்ஸு, பன்றி எலும்பு சூப். பால் மாதிரி வெள்ளையா இருந்தாலும் ஒரு சொட்டு பால் கிடையாது. எலும்பைப் பல மணி நேரம் தளதளன்னு கொதிக்க விடுறாங்க. எலும்புல இருக்கிற கொலாஜன்ங்கிற புரதம் ஜெலட்டினா மாறுது. கொழுப்பு சின்னச் சின்னத் துளியா உடைஞ்சு, அந்த ஜெலட்டினோட பிடியில பிரியாம மிதக்குது. அதுதான் அந்த வெண்மை. இந்த சூப் பக்கத்து ஊரான குருமேல, 1937ல 'நான்கின் சென்ரியோ'ங்கிற வண்டிக்கடையில பிறந்தது. அப்போ அது தெளிவா இருந்துச்சு. 1947ல வேற ஒரு கடையில தீயைக் குறைக்க மறந்து கலங்கிப்போன பானையிலிருந்துதான் இந்த வெள்ளை சூப் வந்ததுன்னு சொல்வாங்க.

[காட்சி: மேசை. கிண்ணம், சிவப்பு இஞ்சி ஊறுகாய், எள், கெட்டில்.]

முதல் தடவை போறவங்க 'கட்டா'ன்னு கேளுங்க, அதாவது கொஞ்சம் விறைப்பா. சூப்புல கிடந்து அது தானா சரியான பதத்துக்கு வந்துடும். கிண்ணம் வந்ததும் சூப்பை மட்டும் ரெண்டு வாய் குடிங்க. சிவப்பு இஞ்சியை முதல்லயே போட்டா சூப்போட ருசி மறைஞ்சுடும், அது பாதிக்கு மேலதான். போட்டோ ஒண்ணு போதும். சத்தமா உறிஞ்சிச் சாப்பிடலாம், அங்க யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

கடைசி வாய் நூடுல்ஸ் இருக்கும்போதே கயெடமா சொல்லிடுங்க, சூப்பைத் தீர்த்துடாதீங்க. புது நூடுல்ஸோட கொஞ்சம் வெந்நீரும் வந்து சேர்றதால உப்பு குறையும். மேசை மேல இருக்கிற கெட்டில்ல உப்புச் சாறு இருக்கும், கொஞ்சமா ஊத்திக்கோங்க. பக்கத்துலயே டீ கெட்டிலும் இருக்கும், மாத்தி எடுத்துடாதீங்க.

பன்றி இறைச்சி சாப்பிடாதவங்களுக்கு இந்தக் கடை சரிவராது. சூப்பே எலும்புலதான். அவங்க டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ள இருக்கிற 'டீஸ் டான்டான்' போகலாம். அங்க எல்லாமே தாவர உணவு, சூப்புல எள் மணம் தூக்கலா இருக்கும்.

நகஹாமாயாவுக்கு ஃபுகுவோகா சுரங்க ரயில்ல அகாசாகா நிலையத்துல இறங்கி நடக்கணும். அக்கம்பக்கத்துல கிட்டத்தட்ட இதே பேர்ல வேற கடைகளும் இருக்கு. பலகையில இருக்கிற ஜப்பானிய எழுத்தை போன்ல படமா வெச்சுக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்துட்டு உள்ள போங்க.