ஏற்கெனவே அறிந்தவரிடம் எதற்குக் கேட்பது?

(வேலூரில் லெந்துகாலக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தங்கள் பட்டா விவகாரம் கலெக்டருக்குத் தெரியாது, தெரிந்தால் செய்வார் என்று நம்பித்தான் வருகிறார்கள். நம்மில் பலர் ஜெபிப்பதும் இப்படித்தான். ஆனால் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு அந்த வழியையே அடைத்துவிடுகிறார். நீங்கள் கேட்குமுன்னே உங்கள் தேவை பிதாவுக்குத் தெரியும் என்கிறார். சொன்ன கையோடு, அன்றாட ஆகாரத்தைத் தாரும் என்று கேட்கவும் கற்றுத்தருகிறார். தெரிந்தவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

உரோமாபுரி 410-இல் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவுக்குத் தப்பிவந்த புரோபா என்ற பணக்கார விதவை, எப்படி ஜெபிப்பது என்று அங்கே பிஷப்பாக இருந்த அகுஸ்தீனிடம் கேட்டார். அவருக்கு எழுதிய கடிதத்தில் அகுஸ்தீன் இந்த முடிச்சையும் தொடுகிறார். கடவுளுக்குச் செய்தி சொல்ல அல்ல ஜெபம். அவர் தரப்போவதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நம் ஏக்கம் விரியத்தான். 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வேறு விதமாகச் சொன்னார்: கடவுளின் தீர்மானத்தை மாற்ற நாம் ஜெபிப்பதில்லை, ஜெபத்தின் வழியாக நடக்கட்டும் என்று அவர் வைத்ததைப் பெறவே ஜெபிக்கிறோம்.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டுக்கு இதெல்லாம் ஒப்பாது. தெரிவிக்கத் தேவையே இல்லாதவரிடம் விருப்பத்தைத் தெரிவிப்பது மூடநம்பிக்கை என்று 1793-இல் எழுதினார். இன்று படித்தவர்கள் "ஜெபம் என்னை மாற்றுகிறது, அவ்வளவுதான்" என்று சொல்லும்போது அவர் பக்கமே சாய்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு மனப்பயிற்சி செய்யவில்லை. பாடுகளின் பாத்திரம் நீங்க வேண்டும் என்று கேட்டார், மூன்று முறை கேட்டார்.

கேட்டால், கிடைத்ததா என்று அளந்து பார்க்கலாமே? பார்த்தார்கள். தேசமே ஜெபிக்கும் அரச குடும்பத்தார்தான் வசதி படைத்தவர்களில் குறைந்த ஆயுள் வாழ்கிறார்கள் என்று 1872-இல் ஆங்கிலேய விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் காட்டினார். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இருதய பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1802 பேர். தங்களுக்காக யாராவது ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் இருந்தவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களுக்கு 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51 சதவீதம் சிக்கல் வந்தது. உறுதியாக ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கோ 59! ஆய்வைத் திட்ட வேண்டாம், நேர்மையாகத்தான் செய்தார்கள். ஆனால் அந்த 'ஜெபிக்கப்படாத' நோயாளிக்காக வீட்டில் அவர் மனைவி வேண்டிக்கொண்டதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பெயரை மட்டும் தெரிந்த ஒருவர் வேளை தவறாமல் சொல்லும் வேண்டுதலும் அந்த மனைவியின் வேண்டுதலும் ஒன்றா?

இங்கே நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் பிரசவ வேதனையில் இருந்த மனைவிகளுக்கு உதவி கேட்டு வந்ததும், மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் தன் தகப்பனாரை அழைக்கச் சொன்னபோது, அவர் ஆண் என்பதால் அவர்கள் மறுத்ததும், டாக்டர் அல்லாத இளம் ஐடாவால் ஒன்றும் செய்ய முடியாமல் மூன்று பெண்களும் இறந்ததும் இங்கே சண்டே ஸ்கூல் பிள்ளைக்கும் தெரியும். அவர் ஜெபித்தார், மருத்துவம் படித்தார், 1900-இல் வேலூருக்கு வந்தார். சி.எம்.சி. என்ற நம் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பிறந்தது. இதை 'ஜெபத்துக்குப் பதில்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. அந்த மூன்று பெண்களும் தங்களுக்காக வேண்டியிருக்க மாட்டார்களா? கணவர்கள் தங்கள் தங்கள் தெய்வத்தை அழைத்திருக்க மாட்டார்களா? ஒரு ஆஸ்பத்திரி எழும்ப மூன்று சாவு விலை என்று கணக்குப் போடுகிற கடவுளை என்னால் பிரசங்கிக்க முடியாது. ஐடாவின் ஜெபம் அவரை அனுப்பியது, அதை நம்புகிறேன். அந்த வீடுகளின் ஜெபத்துக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அக்குவினாஸிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

வேதத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் துதிக்குத் திரும்பும், இது திரும்பாது. முறையீட்டிலேயே நின்றுவிடுகிறது. நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதியதும் இப்படிப்பட்டவர்களுக்கு.

ஆகவே சபையாருக்கு ஒரு வேண்டுகோள். ஜெபக்குறிப்பில் பெயர் கொடுத்துச் சுகமானவர்கள் சாட்சி சொல்ல வருகிறார்கள், நல்லது. சுகமாகாமல் போனவரின் பெயரை அடுத்த வாரமே அடித்துவிடுகிறோம். அந்தக் குடும்பத்தை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் 88-ஆம் சங்கீதத்தை முழுதாக வாசிக்கலாம். வாசித்தபின் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.