கவனிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களிடம் நம் ஊரில் ஒரு கேள்வி கேட்பார்கள். 'என்னப்பா, உங்க வீட்டில் மதுரையா, சிதம்பரமா?' வீட்டில் மீனாட்சி ஆட்சியா, நடராசர் ஆட்சியா என்று அர்த்தம். கேட்டுவிட்டு எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். குடும்ப நல ஆலோசகராக 22 வருடம் கணவன் மனைவிகளுக்கு எதிரே உட்கார்ந்த பிறகு, யார் கை ஓங்கியிருக்கிறது என்கிற அந்தக் கேள்வி எனக்குக் கசந்துபோய்விட்டது.

இரவில் மீனாட்சியம்மன் கோயிலில் பள்ளியறை பூசை பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எடுத்துப்போவார்கள். பகலெல்லாம் ஊரைப் பார்த்தவர், நாள் முடிகிற நேரத்தில் கிளம்பி அவள் இருக்கும் இடத்துக்குப் போகிறார். சின்ன வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து பார்த்த காட்சி. யார் ஆட்சி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றுவதில்லை. அவர் போகிறாரே, அதுதான் கண்ணில் நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உண்மையான அன்பு என்றால் என்ன என்று பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரே சொல் கவனிப்பு. தமிழில் இது விசேஷமான சொல். 'பாடத்தைக் கவனி' என்றால் கண்ணையும் காதையும் அங்கே வை என்று பொருள். 'மாமாவை நல்லாக் கவனிச்சாங்க' என்றால் இலை போட்டு, கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள் என்று பொருள். உற்றுப் பார்ப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் நம்மிடம் ஒரே வார்த்தை. உற்றுப் பார்க்காமல் ஒருவரைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு தம்பதி. அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். அவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மினி வேன் ஓட்டுபவர். இராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போவார். அந்தப் பெண் ஜவுளிக்கடையில் வேலை. ஒன்றரை வருடமாகத் தனித்தனி வீடு. இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து மனு போட்டிருந்தார்கள். அப்படி மனு போட்டாலும் ஆறு மாதம் பொறுத்திருக்கச் சொல்கிறது இந்து திருமணச் சட்டம். சேர வழியே இல்லை என்று தெரிந்தால் அந்தக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவர்கள் அதைக் கேட்கவில்லை. காத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் என்னிடம் வந்தார்கள்.

'என்கிட்ட முகம் குடுத்துப் பேசினதே இல்லம்மா' என்றார் அந்தப் பெண். 'நான் யாருக்காக நாய் மாதிரி ஓடுறேன்?' என்றார் அவர். காலையிலிருந்து மத்தியானம் வரை இந்த இரண்டு வாக்கியம்தான், மாறி மாறி.

சாப்பாட்டு நேரம் வந்தது. குழந்தைக்காக அந்தப் பெண் புளியோதரை கொண்டுவந்திருந்தார். வராந்தா பெஞ்சில் தூக்குவாளியைத் திறந்து, ஒரு மூடியில் கணவருக்கும் எடுத்து வைத்தார். வைத்துவிட்டு, அதிலிருந்த நிலக்கடலையை ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கிக் குழந்தை பக்கம் போட்டார். பேச்சு என்னோடு, கண் குழந்தை மேல், விரல் மட்டும் தானாக வேலை செய்கிறது. கணவர் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

நான் அவரிடம் கேட்டேன், 'சாப்பாட்டில் என்ன இல்லை தம்பி?' முழித்தார். 'கடலை இல்லையோ? போட மறந்திருப்பா.'

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். 'அவருக்குக் கடைவாய்ப் பல்லு பிடுங்கி மூணு வருசம் ஆச்சும்மா. கடிச்சா வலிக்கும்ல.'

இதோடு முடியவில்லை. சாயங்காலம் வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் அவருடைய வேன் நிற்கிறது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு துண்டு, ஓரம் பிசிறாமல் மடித்து விரித்திருக்கிறது. 'இங்கே யார் உட்காருவாங்க?' என்று கேட்டேன். 'இப்ப யாரும் இல்லம்மா. வெயில்ல ரெக்சின் சுடும், அவளுக்குத் தாங்காது. அப்படியே போட்டுப் பழகிருச்சு.' அந்தப் பெண் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். 'அது உங்களுக்கு வேர்வை துடைக்கன்னுல்ல நெனச்சேன்' என்றார்.

பாருங்கள், அன்புக்கு அங்கே குறைச்சலே இல்லை. ஒருவர் கடலை பொறுக்குகிறார், ஒருவர் துண்டு விரிக்கிறார். செய்ததை மற்றவர் பார்க்கவே இல்லை. கவனிப்பு என்று சொன்னேன் அல்லவா, அதில் பாதி மட்டும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அடுத்த மாதம் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

எல்லோரும் இப்படிச் சேரவில்லை. சிலர் பிரிந்தார்கள், பிரிந்ததே நல்லது என்று நானே நிம்மதியாக மூச்சுவிட்ட வீடுகள் உண்டு. அடிக்கிற கையை 'ஆனாலும் பாசம் உண்டு' என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். அடிக்கு எதிராக 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 181.

இப்போதைய பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தும் பதில் இல்லை என்று இரவெல்லாம் தூங்காத பெண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். போன் பாஸ்வேர்டைத் தந்தால்தான் காதல் என்று அடம்பிடித்த பையன்கள் வந்திருக்கிறார்கள். எங்கே நிற்கிறாள், கடைசியாக எப்போது போனைப் பார்த்தாள், எல்லாம் நிமிடக் கணக்கில் தெரிகிறது அவனுக்கு. ஒரு பையனிடம் கேட்டேன், 'அந்தப் பொண்ணுக்கு எதுக்குத் தம்பி பயம்?' அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருடக் காதல். அவன் செய்தது காவல். கவனிப்பு வேறு, காவல் வேறு. இதை மறுபடியும் சொல்கிறேன், வேறு வேறு. நான் இளசுகளைக் குறை சொல்ல வரவில்லை. மனம்விட்டுப் பேச எங்கள் தலைமுறையை விட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'எனக்கு இது வலிக்குது' என்று என் அம்மா ஒரு நாளும் அப்பாவிடம் சொன்னதில்லை. இவர்கள் சொல்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். பெண் பார்க்கும் சடங்கு பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று குறித்து வந்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பொருத்தமும் பாருங்கள், சம்பளமும் விசாரியுங்கள். அப்புறம் பையனும் பெண்ணும் தனியாகப் பேச அரை மணி நேரமாவது கொடுங்கள். அதில் அந்தப் பெண் அவனிடம், 'உங்க வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார்? அப்போது குழம்பில் காய் மிச்சம் இருக்குமா?' என்று கேட்கட்டும். பதிலை வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.