கொத்தனார் கண்ட கோணல் சுவர்

வணக்கம் நேயர்களே. கண் மருத்துவனான எனக்கு நெடுநாளாக ஒரு பைத்தியம். கண்ணின் பின்சுவர் எத்தனை தடிமன் என்று அளந்துகொண்டே இருப்பேன். அது எதற்கு என்பதைச் சொல்ல ஒரு கொத்தனார் கதை வேண்டும்.

நாற்பது வயதுக்காரர். சுவர் நடுவில் தொப்பை போட்டிருக்கிறதென்று கூட இருந்த பையனைத் திட்டியிருக்கிறார். பையன் தூக்குக்குண்டு விட்டுக் காட்டினான். சுவர் நேர்தான்; இவருக்கு அந்த நூலே வளைந்து தெரிந்திருக்கிறது! வலது கண்ணைப் பொத்தினால் வளைவு, இடது கண்ணைப் பொத்தினால் நேர். நடுவில் காப்பிக்கறை மாதிரி ஒரு வட்டம் வேறு. “டாக்டரய்யா, கைத்தொழில் போயிருமா?” என்றார்.

கண்ணின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் இடது விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருந்தது. பெயர் கொஞ்சம் நீளம்: சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி. 1866-லேயே ஜெர்மனியில் வான் கிராஃபே என்ற கண் மருத்துவர் எழுதிவைத்த நோய். முப்பதிலிருந்து ஐம்பது வயது ஆண்களுக்குத்தான் அதிகம்.

விழித்திரைக்குக் கீழே கோராய்டு என்று ரத்தக்குழாய்களாலான ஒரு மெத்தை இருக்கிறது. அதில் குழாய்கள் புடைத்துக் கசிந்தால், நடுவிலுள்ள தடுப்பு அடுக்கு ஓரிடத்தில் தோற்று, நீர் மேலேறிவிடும். இதைச் சொன்னதும் அவர், “டைல்ஸுக்கு அடியில ஓதம் ஏறித் தூக்கிருச்சுங்கறீங்க” என்றார். அன்றிலிருந்து எல்லா நோயாளிகளிடமும் இதையே சொல்கிறேன்.

வீட்டிலுள்ள ஏ4 தாள் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். சுமார் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கூர்ந்து பார்க்கும் மையத்துக்கு அடியில் கோராய்டு சாதாரணமாக மூன்று தாள் கனத்துக்குள் அடங்கும். இந்த நோயில் நாலு, ஐந்து தாள்! ஸ்கேனில் அந்த ஆழம்வரை பார்க்க 2008-ல்தான் அமெரிக்கக் கண் மருத்துவர் ரிச்சர்ட் ஸ்பெய்டு குழுவினர் வழி சொன்னார்கள். மறு ஆண்டே இந்த நோயாளிகளிடம் அளந்ததில் சராசரி 505 மைக்ரான் வந்தது. (காலையில் தடித்து மாலையில் மெலிவதும் இதற்கு வழக்கம். அதனால்தான் ஒரே ஆளை எப்போதும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி வசவு வாங்குகிறேன்.)

மூன்று மாதத்தில் நீர் தானாக வற்றியது. பெரும்பாலோருக்கு அப்படித்தான். கொத்தனாருக்கு நூல் நேராகிவிட்டது, எனக்குத்தான் நிம்மதியில்லை. மேலே தரை காய்ந்துவிட்டது, அடியில் மெத்தை அப்படியே தடித்துக் கிடந்தது. நோவில்லாத வலது கண்ணிலும் அதே தடிமன். பார்வை திரும்பியதும் நோய் போய்விட்டதென்று நினைக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், நினைக்காதீர்கள்.

ஆறாம் மாதம் திரும்ப வந்தார், நீரோடு. துருவிக் கேட்டபோதுதான் சட்டைப்பையிலிருந்து மூட்டுவலி மாத்திரை வெளியே வந்தது. சீட்டில்லாமல் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு. மாத்திரை மட்டுமல்ல, மூட்டில் போடும் ஊசி, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, முகத்தில் பூசும் களிம்பு, எதில் ஸ்டீராய்டு இருந்தாலும் கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீர் மாதக்கணக்கில் நின்றால் பார்க்கும் செல்கள் மெலிந்துபோகும். அந்த மெலிவு திரும்பாது.

சிகிச்சை பற்றிச் சொல்ல வைத்திருந்தேன். ஸ்டூடியோ கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிந்ததென்று கை காட்டுகிறார்கள். கையில் மருந்து ஏற்றி, சூடில்லாத லேசரைக் கண்ணில் பாய்ச்சும் முறை ஒன்று உண்டு. அது கோராய்டின் தடிமனையே குறைக்கும். இன்னொன்று, அவசரமாக: இதைக் கேட்டுவிட்டு ஆஸ்துமாவுக்கோ வேறெதற்கோ டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. அவரைக் கேட்டுக்கொண்டு… சரி, சரி. வணக்கம்.