மோடம் சொல்லும் மூன்று எண்கள்

அன்பான நேயர்களே, வணக்கம்.

ரொறொன்ரோவில் கேபிள் இணையம் திருத்தும் வேலையில் பல ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். அந்த வேலையில் என் மனத்தை மிகவும் உறுத்திய ஒன்றைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இணையம் மெதுவாகிவிட்டது என்றதும் நம்மவர்கள் நிறுவனத்தை அழைத்துக் கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். மாதாமாதம் கட்டணம் கூடுகிறது, வேகம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. குறை சுவருக்குள் ஓடும் கம்பியில் இருக்கும்போது திட்டத்தை மாற்றி என்ன பயன்?

ஸ்காபரோவில் ஒரு வீடு. பெப்ரவரி மாதத்துக் கடுங்குளிர். கதவைத் திறந்த அம்மா, "தம்பி, இது மூன்றாவது திட்டம். மகளுக்குப் பல்கலைக்கழக வகுப்பு நடுவிலேயே அறுந்துபோகிறது" என்றார். மகளின் கணினியை வைஃபை இல்லாமல் நேரே மோடத்தில் கம்பியால் இணைத்துப் பார்த்தேன். அப்போதும் அதே மந்தம். வைஃபையில் குற்றமில்லை என்று அங்கேயே தெளிவாகிவிட்டது. நீங்களும் இதையே முதலில் செய்யுங்கள்.

அடுத்து, இணைய உலாவியில் 192.168.100.1 என்று தட்டினேன். பெரும்பாலான கேபிள் மோடங்கள் தம் உடல்நிலையை அந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும். பார்க்க வேண்டியவை மூன்று எண்கள். வீட்டுக்குள் வரும் சிக்னலின் வலிமை, இரைச்சலுக்கு மேல் அது எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பது (இதை இரைச்சல் எண் என்போம், கூடினால் நல்லது), மோடம் திருப்பி அனுப்பும் சிக்னலின் வலிமை. முதலாவது, கழித்தல் 7க்கும் கூட்டல் 7க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. இரண்டாவது 33க்கு மேல் இருக்க வேண்டும். மூன்றாவது 35 முதல் 49 வரை நல்லது. அந்த வீட்டில் நான் கண்டவை: கழித்தல் 13, 29, 53.

அந்த 53 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மோடத்தின் குரல் தெருக்கோடிக்கு அப்பால் போய்ச் சேரவில்லை என்றால், அது மேலும் மேலும் உரக்கக் கத்தும். 50ஐத் தாண்டினால் தொண்டை கிழியக் கத்துகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் கத்த அதற்கு வலுவில்லை. நீங்கள் படம் ஒன்றை இறக்கும்போதுகூட, "இந்தத் துண்டு வந்து சேர்ந்தது" என்று உங்கள் கணினி பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் போகாவிட்டால் அனுப்புகிற பக்கம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு மேலே போகும் வழி அடைபட்டால் கீழே வருவதும் தளர்ந்துவிடும். இதை அறியாமல், வரும் வேகத்தை மட்டுமே பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

இணையம் முற்றாக நின்றுபோயிருந்தால் யாரும் உடனே கவனிப்பார்கள். பலவீனமான சிக்னல் இணையத்தை அப்படி நிறுத்திவிடுவதில்லை. சிதைந்து வரும் துண்டுகளை மோடம் தானே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாதவை மறுபடி அனுப்பப்படும். முன்கூட்டியே சேமித்து ஓடும் திரைப்படத்தில் அது தெரியாது. நேரடி வகுப்பிலும், ஊரிலிருக்கும் அம்மாவோடு பேசும் காணொளி அழைப்பிலும்தான் முகம் உறைந்து நிற்கும்.

கம்பியைத் தொடர்ந்து பேஸ்மென்டுக்கு இறங்கினேன். அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்காக இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர். அதிலிருந்து, முன்பு நான்கு தொலைக்காட்சிகள் இருந்த காலத்தில் பூட்டிய நான்கு வழி ஸ்பிளிட்டர். மூன்று வாய்கள் வெறுமையாகத் தூசி படிந்து கிடந்தன. மேல் மாடியில், தொலைக்காட்சிக்குப் பின்னால் இன்னுமொரு இரண்டு வழி. இரண்டாகப் பிரிப்பது ஒவ்வொரு பக்கமும், சிக்னல் வலிமையை அளக்கும் டெசிபெல் கணக்கில், சுமார் 3.5ஐத் தின்னும். நான்காகப் பிரிப்பது 7. மொத்தம் 14. அதாவது வீட்டு வாசலுக்கு வந்த சிக்னலில் 25இல் ஒரு பங்குதான் மோடத்தைத் தொட்டது. திரும்பிப் போகும் குரலுக்கும் அதே இழப்பு.

வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தனி மோடம் இருந்ததால் முதல் ஸ்பிளிட்டரை விட்டுவைத்தேன். மற்ற இரண்டையும் கழற்றி நேர்க்கம்பி இழுத்தேன். வரும் வலிமை கழித்தல் 3க்கு ஏறியது. திருப்பி அனுப்புவது 42க்கு இறங்கியது. ஆனால் இரைச்சல் எண் எதிர்பார்த்த அளவு உயரவில்லை. அதனால் வெளிச்சுவருக்குப் போனேன். அங்கிருந்த இணைப்பின் தலையை விரலால் தொட்டதும் தொளதொளவென்று சுழன்றது. உள்ளே பச்சை பூத்திருந்தது. நடுக்கம்பி கறுத்துப் போயிருந்தது. குளிரில் கம்பி சுருங்குகிறது, வெயிலில் நீள்கிறது. அந்த இழுபறியில் இணைப்பு தளர, உருகும் பனிநீர் உள்ளே புகுந்துவிடுகிறது. முனையை வெட்டிப் புதிய தலை பூட்டி, 7/16 அங்குல ஸ்பானரால் இறுக்கினேன். எண் 37க்கு வந்தது.

இந்தத் தளர்ந்த இணைப்பை நான் பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வட அமெரிக்கக் கேபிள் வலையமைப்புகளில் மேலே போகும் சிக்னல், நெடுங்காலமாகப் பெரும்பாலும் 5 முதல் 42 மெகாஹேர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் போகிறது. மோட்டார்களின் இரைச்சலும் சிற்றலை வானொலியும் உலவும் இடம் அதுதான். தளர்ந்த இணைப்பின் வழியே அவை உள்ளே நுழைகின்றன. ஒரு பகுதியின் எல்லா வீடுகளிலிருந்தும் மேலே போவது ஒரே இடத்தில் வந்து சேர்வதால், உங்கள் வீட்டு ஓட்டை அயலவரின் இணையத்தையும் கெடுக்கும்.

கடையில் விற்கும் சிக்னல் பெருக்கியை வாங்கிப் பூட்டலாமா என்று கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அது சிக்னலோடு இரைச்சலையும் பெருக்கும். சில மலிவான பெருக்கிகள் மேலே போகும் வழியை அடைத்தே விடும். வீட்டுக்குள் இருக்கும் இணைப்புகளைக் கையால் இறுக்குங்கள். பயன்படாத ஸ்பிளிட்டர்களைக் கழற்றுங்கள். வெறுமையாக விட்டாக வேண்டிய வாய்க்கு 75 ஓம் முடிப்பான் என்ற சிறு மூடி ஒன்றைத் திருகிவிடுங்கள், அது சில டொலர்தான். வெளிச்சுவரில் இருக்கும் தரையிணைப்புக் கம்பியை மட்டும் தொடாதீர்கள். மின்னலிலிருந்து வீட்டைக் காப்பது அது.

இவ்வளவும் செய்தபின்னும் எண்கள் மோசமாக இருந்தால், குறை வெளியே இருக்கிறது. அதைத் திருத்துவது நிறுவனத்தின் கடமை. அழைக்கும்போது "மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். "திருப்பி அனுப்பும் வலிமை 53, இரைச்சல் எண் 29" என்று சொல்லுங்கள். அதே எண்களை அவர்களாலும் அங்கிருந்தே பார்க்க முடியும். மாலையில் குழம்பும் நேரத்தில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், சீராக ஓடும் நேரத்திலும் ஒன்று. நிறுவனம் தட்டிக் கழித்தால், தொலைத்தொடர்பு, தொலைக்காட்சிச் சேவை முறைப்பாடுகளைக் கவனிக்கும், கனடாவில் 2007இல் தொடங்கிய சுதந்திரமான ஆணையம் இருக்கிறது. அங்கே முறையிடக் கட்டணம் கிடையாது. அந்தப் படங்கள் அப்போது உதவும்.

அடுத்த அரைமணி நேரம் உங்கள் அழைப்புகளுக்காக நிலையத்தில்தான் இருக்கிறேன். மோடத்தின் மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள்.