படச்சுருளைக் கேட்டு வாங்கிய தம்பதி

அனைவருக்கும் வணக்கம். ‘ஐ லவ் லூசி’ என்ற பழைய அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடரைச் சொன்னதும் எல்லோரும் அந்தச் சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியைத்தான் சொல்வார்கள். பெல்ட்டில் சாக்லேட் வேகமாக வர வர, லூசியாக நடித்த லூசில் பால் அதை வாய்க்குள்ளும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்வார். 1952இல் வந்த காட்சி இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறதே, எப்படி? நான் பேச வந்தது அதைத்தான்.

தொடர் ஆரம்பித்தது 1951 அக்டோபரில். அப்போது அமெரிக்க டிவி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். தொலைவில் இருக்கிறவர்களுக்குக் கினஸ்கோப்தான் கதி. அதாவது, டிவி திரைக்கு எதிரே கேமராவை வைத்துப் பிடித்த படம். மங்கிப்போய்த்தான் வரும். லூசில் பாலும் அவர் கணவர் தேசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். விளம்பரதாரரான பிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனியோ, கிழக்கே இருக்கிற பெருங்கூட்டத்துக்கு மங்கல் படம் கூடாது என்றது.

சரி, சினிமா ஃபிலிமிலேயே எடுப்போம் என்று முடிவானது. செலவு கூடுமே? ‘வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், எடுத்த படம் எங்களுக்குச் சொந்தம்’ என்றார்கள் தம்பதியர். தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் டிவி நிறுவனம் தலையாட்டிவிட்டது. ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை யார் திரும்பப் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்புதான்!

ஆனால் லூசிக்கு எதிரே ஜனம் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். சினிமாவிலோ ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றுவார்கள். அதுவரை ஜனம் காத்திருக்குமா? இந்த இடத்தில்தான் கார்ல் ஃபிராயண்ட் வருகிறார். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தை எடுத்தவர்களில் ஒருவர், ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர். அவர் விளக்குகளை மேலே தொங்கவிட்டு, செட் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் பரப்பினார். மூன்று கேமராக்களும் ஒரே சமயத்தில் ஓடின. செட்டுக்குப் பூசிய பெயின்ட்கூடச் சாம்பல் நிறம்தான். கறுப்பு வெள்ளையில் எந்தச் சாம்பல் எப்படி விழும் என்று கணக்குப் பார்த்துப் பூசியது. என்னைக் கேட்டால், இந்தத் தொடரில் லூசிக்கு அடுத்த நட்சத்திரம் ஃபிராயண்ட்தான்.

முதல் படப்பிடிப்பன்று நடந்ததைத் தேசி பின்னாளில் சொல்லியிருக்கிறார். பார்வையாளர்களில் பெண்களுக்குப் பக்கத்தில் கழிப்பறை இல்லை, படப்பிடிப்பு கூடாது என்று சுகாதார அதிகாரி நின்றுவிட்டார். லூசி தன் ஒப்பனை அறைக் கழிப்பறையைத் திறந்துவிட்டார். வேலை தொடங்கியது.

அப்புறம் லூசி உண்மையிலேயே கர்ப்பமானார். கதையிலும் அதைச் சேர்த்தார்கள். யார் மனதும் புண்படக் கூடாதென்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரபி, மூன்று பேரிடமும் வசனத்தைக் காட்டினார்கள்! நகைச்சுவை எழுதுகிறவர்களுக்கு இதைவிடச் சோதனை உண்டா? பிரசவ எபிசோடைப் பல வாரங்களுக்கு முன்பே எடுத்துவைத்து, 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பினார்கள். அன்றைக்கேதான் லூசிக்கும் நிஜமாகவே மகன் பிறந்தான். கதையிலும் ஆண் குழந்தை!

லூசி ஓய்வில் இருந்த நாட்களில் பழைய எபிசோடுகளை மறுபடி போட்டார்கள். ஃபிலிம்தான் கையில் இருக்கிறதே. ஜனம் அதையும் விரும்பிப் பார்த்தது. பிறகென்ன, 1,000 டாலரை விட்டுக்கொடுத்து வாங்கிய அதே உரிமையைச் சில மில்லியன் டாலர் கொடுத்து சிபிஎஸ் திரும்ப வாங்கியது. தம்பதியரின் டெசிலு நிறுவனம் ஆர்கேஓ ஸ்டுடியோவை வாங்கியது. ஒரு காலத்தில் லூசி சம்பளத்துக்கு நடித்த ஸ்டுடியோ அது.